பேரூராட்சியில் வீடு கட்ட பிளான் அப்ரூவல்: பத்திரம் சரிபார்ப்பதிலிருந்து வீட்டு வரி வரை

வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்த பிறகு அதில் மிஞ்சிய பேரூராட்சிகள் நான்கு: ஒடுகத்தூர், பள்ளிகொண்டா, பென்னாத்தூர், திருவலம். இந்த மாதிரி சிற்றூரில் மூன்று சென்ட்டிலோ ஐந்து சென்ட்டிலோ வீடு கட்டப் போகிறவர்களுக்காக எழுதியது இது. ராணிப்பேட்டை பக்கம் திமிரி, காவேரிப்பாக்கம், நெமிலி, கலவை போன்ற பேரூராட்சிகளிலும் நடைமுறை இதேதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சின்ன வீட்டுக்கு அனுமதி இழுப்பது வரைபடத்தால் அல்ல, நிலத்தின் காகிதத்தால். வரைபடத்தை ஒரு நல்ல இன்ஜினியர் மூன்று நாளில் போட்டுவிடுவார். பட்டாவில் பழைய ஆள் பெயர் இருந்தால் அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். பலரும் எலிவேஷன் படம் பார்த்து, மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்து, பூமி பூஜைக்கு நாள் குறித்த பிறகுதான் பட்டாவை எடுத்துப் பார்க்கிறார்கள். வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள்.

உங்கள் மனை எந்த உள்ளாட்சியில் இருக்கிறது?

விலாசத்தில் பள்ளிகொண்டா என்றிருந்தால் மனை பள்ளிகொண்டா பேரூராட்சிக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தபால் நிலையத்தின் பெயர் வேறு, உள்ளாட்சி எல்லை வேறு. ஊருக்கு வெளியே போட்ட லேஅவுட்கள் பல பக்கத்துக் கிராம ஊராட்சியில்தான் வரும். பத்திரத்தின் சொத்து விவரத்தில் வருவாய் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் இருக்கும். அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்தில் பில் கலெக்டரிடம் கேட்டால் போதும், சர்வே எண்ணைச் சொன்னதுமே எந்த வார்டு என்று சொல்லிவிடுவார். அதே கையோடு காலி மனை வரி போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். போடவில்லை என்றால் போட்டு, கட்டி, ரசீது வாங்கி வையுங்கள். விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்தில் இந்த ரசீது இல்லாமல் திரும்பிய கோப்புகள் ஏராளம்.

காகிதங்கள்

சேர்க்க வேண்டியவை: கிரயப் பத்திரம் (அல்லது செட்டில்மென்ட், பாகப்பிரிவினைப் பத்திரம்), அதற்கு முந்தைய மூலப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா–சிட்டா, புலப்படம் என்கிற எஃப்எம்பி, லேஅவுட் அங்கீகார ஆணையின் நகலும் வரைபடமும், காலி மனை வரி ரசீது, ஆதார். குடியாத்தம், பேரணாம்பட்டு போன்ற நகராட்சிப் பகுதி என்றால் எஃப்எம்பிக்குப் பதில் நகர நில அளவைப் பதிவேட்டு நகல் கேட்பார்கள். பட்டாவும் எஃப்எம்பியும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். வில்லங்கம் பதிவுத்துறை தளத்தில்.

சேர்ப்பது எளிது. சேர்த்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதில்தான் வேலை இருக்கிறது. ஒரு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி, நான்கு விஷயங்களை மட்டும் ஒப்பிடுங்கள்: பெயர், சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை.

பெயர். பத்திரத்தில் ஓர் இனிஷியல், ஆதாரில் இரண்டு இனிஷியல் என்பது சாதாரணம். நம் பக்கத்தில் உருது, தெலுங்குப் பெயர்கள் பத்திர எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். ஒரே ஆள் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருப்பார். பத்திரத்திலேயே தவறு என்றால், விற்றவர் உயிரோடு ஊரில் இருக்கும்போதே பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுவிடுவது நல்லது. அவர் காலமான பிறகு வாரிசுகள் எல்லாரையும் கையெழுத்துக்குத் திரட்டுவது தனிப் பாடு.

சர்வே எண். பத்திரத்தில் 112/3 என்றும் பட்டாவில் 112/3ஏ2 என்றும் இருந்தால் நடுவில் உட்பிரிவு நடந்திருக்கிறது. அது எப்போது நடந்தது என்பதற்கு ஆதாரம் தேவை. மாறாக, பட்டா இன்னும் லேஅவுட் போட்டவர் பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால், இ-சேவை மையத்தில் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு மனு போடுங்கள். உட்பிரிவு இல்லாத மாறுதல் வேகமாக முடியும். உட்பிரிவு என்றால் சர்வேயர் மனைக்கு வந்து அளக்க வேண்டும். அதனால்தான் தாமதம்.

பரப்பு. இங்கேதான் பெரும்பாலானோர் குழம்புகிறார்கள். பத்திரம் சதுர அடியில் பேசும், பட்டா ஏர் கணக்கில் பேசும், ஊர் சென்ட்டில் பேசும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி சொச்சம். முப்பதுக்கு நாற்பது மனையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் 1,200 சதுர அடி, அதாவது 111.5 சதுர மீட்டர். பட்டாவில் 0 - 1.10 (ஹெக்டேர் - ஏர்) என்று போட்டிருக்கும். அது 110 சதுர மீட்டர், 1,184 சதுர அடி. அந்தப் பதினாறு சதுர அடியை யாரும் அபகரிக்கவில்லை. அளவையின்போது சுற்றிவிட்டதில் போனது. ஆனால் விண்ணப்பத்தில் 1,200 என்று போட்டால் பட்டாவோடு பொருந்தவில்லை என்று கேள்வி வரும். பத்திரம், பட்டா, மனையில் நாடா பிடித்து அளந்தது, இந்த மூன்றில் எது குறைவோ அதையே வரைபடத்திலும் விண்ணப்பத்திலும் போடுவதுதான் பாதுகாப்பு. வித்தியாசம் சில சதுர அடி இல்லாமல் நூற்றுக்கணக்கில் இருந்தால் மட்டும் சர்வேயரை வைத்து அளந்து கல் போடாமல் மேலே போகாதீர்கள்.

எல்லை. பத்திரத்தில் வடக்கே 20 அடி பாதை என்றிருக்கும், மனையில் நின்று அளந்தால் 16 அடிதான் இருக்கும். எதிர்வீட்டுக்காரர் படி கட்டியிருப்பார். முன்பக்கம் விட வேண்டிய இடம் பாதையின் அகலத்தைப் பொறுத்தது என்பதால் இதை வரைபடம் போடுவதற்கு முன்பே தீர்க்க வேண்டும்.

சொத்து அம்மா பேரில் இருந்து மகன் கட்டுவதாக இருந்தால் விண்ணப்பதாரர் அம்மாதான். அப்பா காலமாகிவிட்டார், பாகம் பிரிக்கவில்லை என்றால் வாரிசுச் சான்றில் உள்ள எல்லாருமே உரிமையாளர்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பியும் சேர்த்துத்தான். ஒருவர் பெயருக்கு விடுதலைப் பத்திரமோ செட்டில்மென்டோ எழுதிக்கொண்டு தொடங்குவது எல்லா வகையிலும் சுலபம்.

மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா

உழுத நிலத்தைக் கல் நட்டு விற்ற மனைகள் நம் மாவட்டத்தில் நிறைய. டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம் இல்லாத மனைக்குக் கட்டட அனுமதி வராது. 2017-ல் வந்த வரன்முறை விதிகளின்படி, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த வழி செய்தார்கள். உங்கள் மனை அந்த வகை என்றால் விற்றவரின் பேச்சை நம்பாமல் வரன்முறை ஆணையின் நகலைக் கையில் வாங்குங்கள். லேஅவுட்டுக்கு ஆணை இருந்தும் தனி மனைக்கு வாங்காமல் விட்டவர்கள் உண்டு. அவர்கள் முதலில் அதை முடிக்க வேண்டும்.

ஊர் நடுவே உள்ள நத்தம் மனைக்கு லேஅவுட் பிரச்சினை இல்லை, ஆனால் பட்டா பிரச்சினை உண்டு. பழைய தோராயப் பட்டாவை மட்டும் வைத்திருப்பவர்கள் தாலுகா அலுவலகத்தில் பதிவைச் சரிபார்த்து, இணையத்தில் தெரியும்படி ஏற்றச் சொல்லுங்கள். பேரூராட்சிக்காரர் கணினியில் பார்க்கும்போது அது தெரிந்தால்தான் கோப்பு நகரும்.

பட்டாவில் நஞ்சை என்றிருந்து, லேஅவுட் ஆணையும் இல்லை என்றால் நிலப் பயன்பாட்டு மாற்றம் தேவைப்படும். அது மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம் வரை போகும் நீண்ட வேலை. பத்திரம் முடிக்காதவர்கள் அட்வான்ஸ் கொடுக்குமுன் யோசியுங்கள்.

இன்னொன்று அ-பதிவேடு, அதாவது கிராமத்தின் எல்லா சர்வே எண்களும் நிலத்தின் வகையோடு உள்ள வருவாய்ப் பதிவேடு. உங்கள் சர்வே எண்ணையும் அதை ஒட்டிய எண்களையும் அதில் பாருங்கள். ஏரிக் கால்வாய், ஓடை, வண்டிப் பாதை என்று பதிவாகியிருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரியும். கண்ணுக்கு வறண்ட பள்ளமாகத் தெரிவது பதிவேட்டில் ஓடையாக இருக்கும். நீர்நிலைக்கு 15 மீட்டருக்குள் வரும் மனைகளுக்கு நீர்வளத்துறையின் கருத்து தேவைப்படும். திருவலத்தில் பொன்னையாற்றை ஒட்டியோ, பள்ளிகொண்டாவில் பாலாற்றங்கரையிலோ மனை உள்ளவர்கள் இதைச் சடங்காக நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் இந்த இரண்டு ஆறுகளும் எங்கெங்கே ஏறின என்று அந்தத் தெருக்காரர்களைக் கேட்டாலே சுவரில் கோடு காட்டுவார்கள். ரயில் பாதை, தேசிய நெடுஞ்சாலை, தொல்லியல் துறைச் சின்னம், ஒடுகத்தூர் பக்கம் என்றால் வனத்துறை எல்லை, இவற்றை ஒட்டிய மனைகளுக்கும் அந்தந்தத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டியிருக்கும்.

எந்த வழி: சுயசான்றா, வழக்கமான அனுமதியா

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரையும் முதல் மாடியும் கொண்ட குடியிருப்பு என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியதும் அனுமதி ஆணை தரவிறங்கிவிடும். முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது. பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் கிடையாது. பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை.

சிற்றூரில் கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் வந்துவிடும். விளிம்பில் நிற்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். ஐந்து சென்ட் 2,178 சதுர அடி, உள்ளே வரும். ஆறு சென்ட் 2,613, வராது. உயர வரம்பு 7 மீட்டர் என்றுதான் திட்டம் தொடங்கியது. தளத்தில் இப்போது காட்டும் வரம்பைப் பார்த்து இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள். 7 மீட்டர் என்றால் கணக்கு இப்படி: அடித்தளம் இரண்டடி, அதாவது 0.6 மீட்டர். இரண்டு தளமும் கான்கிரீட் கனத்தோடு தலா 3.15 மீட்டர். மொத்தம் 6.9. ரோட்டைவிட உயரமாக இருக்கட்டும் என்று அடித்தளத்தை நான்கடிக்கு ஏற்றினால் அங்கேயே வரம்பு தாண்டிவிடும். மேட்டில் கட்டுவதா, தள உயரத்தைக் குறைப்பதா என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள்.

இந்த முறையின் நல்லதும் கெட்டதும் ஒன்றுதான்: யாரும் சரிபார்ப்பதில்லை. நீங்கள் கொடுத்த தகவல் உண்மை என்று நீங்களே சான்று சொல்கிறீர்கள். தவறு பின்னால் தெரிந்தால் ஆணை ரத்தாகும், அப்போது வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கும். பழைய முறையில் ஓவர்சியர் வந்து பார்த்துச் சொன்ன குறையை இப்போது நீங்களே முன்கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். மேலே காகிதங்களுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதன் காரணம் இதுவே.

மனை பெரிது, மாடி அதிகம், கீழே கடை என்றால் வழக்கமான வழி. அதுவும் அதே தளத்தில்தான். ஆனால் கோப்பு பேரூராட்சிக்குப் போய், கள ஆய்வு நடந்து, செயல் அலுவலர் ஒப்புதல் தந்த பிறகு கட்டணக் கேட்பு வரும். பெரிய கட்டடங்கள் நகர் ஊரமைப்புத் துறைக்குப் போகும். வீட்டின் முன்னறையில் ஷட்டர் வைத்து ஒரு கடை விடலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை மறைத்துக் குடியிருப்பு என்று சுயசான்று போடாதீர்கள். மின் இணைப்பு வாங்கும்போதும் வரி போடும்போதும் அது தானே வெளியே வரும்.

வரைபடம்

பதிவுபெற்ற இன்ஜினியரிடம் போங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வரைபடத்தில் இருக்க வேண்டியவை: மனை அமைப்பு, தளவாரி படம், வெட்டுத் தோற்றம், முகப்பு, வடக்குக் குறி, பாதையின் அகலம், நான்கு பக்க இடைவெளி, பரப்பு அட்டவணை, செப்டிக் டேங்க், மழைநீர் சேகரிப்புக் குழி. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். அதைக் காட்டாத படம் திரும்பும்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-தான் இதற்கு அடிப்படை. சாதாரண வீட்டுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். இரண்டு தளம் மட்டுமே கட்டுகிறவருக்கு இந்த எண் ஒருபோதும் இடிக்காது. மனை முழுவதையும் அடைத்துக் கட்டினால்கூட இரண்டு மடங்குதான் வரும். இடிப்பது எல்லாம் சுற்றிலும் விட வேண்டிய இடைவெளிதான். 9 மீட்டருக்குக் குறைவான பாதை என்றால் முன்பக்கம் 1.5 மீட்டர், அதாவது ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பக்க இடைவெளி மனையின் அகலத்தையும் கட்டட உயரத்தையும் பொறுத்து மாறும். உங்கள் மனைக்கு எந்த வரிசை பொருந்துகிறது என்பதை விதி அட்டவணையைத் திறந்து காட்டச் சொல்லி, அந்த எண்ணைப் படத்தில் மீட்டரில் எழுத வையுங்கள். ‘ரெண்டடி விட்டா போதும் சார்’ என்று மேஸ்திரி சொல்வது விதியில் இல்லை.

இடைவெளி கெடும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். வெளியே போடும் மாடிப்படி பக்க இடைவெளியை விழுங்கும். பின்னால் பிறகு சேர்க்கும் குளியலறை பின் இடைவெளியை விழுங்கும். பால்கனி பாதைக்கு மேல் நீளும். ஆகவே மாடிப்படி எங்கே என்று முடிவு செய்யாமல் படத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

விண்ணப்பம்

கைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்கு தொடங்குவதில் ஆரம்பம். ஓடிபி வரும் எண் உரிமையாளருடையதாக இருக்கட்டும். இன்ஜினியர் அலுவலகத்துப் பையனின் எண்ணில் தொடங்கிவிட்டு, அவர் வேலை மாறிப் போன பிறகு ஆணையைத் தரவிறக்க முடியாமல் நிற்க வேண்டாம்.

மாவட்டம், தாலுகா, உள்ளாட்சி, வருவாய் கிராமம், சர்வே எண் என்ற வரிசையில் கேட்கும். இதில் தாலுகா தவறுவது அதிகம். ஒடுகத்தூரும் பள்ளிகொண்டாவும் அணைக்கட்டு தாலுகா, திருவலம் காட்பாடி, பென்னாத்தூர் வேலூர். பழைய பத்திரத்தில் தாலுகாவின் பெயர் வேறாக இருக்கலாம். இப்போதைய பட்டாவில் இருப்பதைப் போடுங்கள். ஆவணங்களைக் கைபேசியில் சாய்வாகப் படம் பிடிக்காமல் ஸ்கேன் செய்து, பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒரே பிடிஎஃப்பாக ஏற்றுங்கள். சொத்து விவரப் பக்கம் விடுபட்டால் பத்திரமே இல்லாததற்குச் சமம்.

கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று உள்ளாட்சியின் தரத்தைப் பொறுத்து மாறும். தளமே கணக்கிட்டுக் காட்டும். வழக்கமான வழியில் கட்டட உரிமக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், மதிப்பீட்டில் 1 சதவீதம் கட்டுமானத் தொழிலாளர் நல நிதி என்று தனித்தனித் தலைப்பு இருக்கும். எல்லாமே இணையவழிதான். ரசீதில் வராத எந்தத் தொகையும் கட்டணம் அல்ல.

வழக்கமான வழியில் கேள்வி எழுப்பித் திருப்பினால் ஒன்றுக்கு மட்டும் பதில் போட்டு அனுப்பாதீர்கள். முழுக் கோப்பையும் மறுபடி பார்த்து எல்லாக் குறையையும் ஒரே தடவையில் தீர்த்து அனுப்புங்கள். காரணமே இல்லாமல் கிடக்கிறது என்றால் செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அடுத்தது வேலூரில் உள்ள பேரூராட்சிகளின் உதவி இயக்குநர் அலுவலகம். முதல்வரின் உதவி மையம் 1100-லும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு எண்ணோடு பதிவு செய்யலாம்.

ஆணை வந்த பிறகு

ஆணையையும் வரைபடத்தையும் இரண்டு பிரதி வண்ணத்தில் எடுத்து, ஒன்றைக் கட்டும் இடத்தில் வையுங்கள். வங்கிக் கடன் வாங்குபவர்களிடம் கட்டத்துக்குக் கட்டம் பணம் விடும்போது மதிப்பீட்டாளர் இதைத்தான் கேட்பார்.

கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடும் நாளில் உரிமையாளர் மனையில் இருக்க வேண்டும். கோடு அஸ்திவாரத்துக்கா, சுவருக்கா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். குழி வெளியே வரலாம், சுவரின் வெளிமுகம்தான் இடைவெளிக் கணக்கு. எல்லைக் கல்லிலிருந்து சுவர் வெளிமுகம் வரை நான்கு மூலையிலும் அளந்து, அந்த எண்களைப் படத்தின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். இந்தச் சிற்றூர் மனைகள் பல சதுரமாக இருக்காது. முன்பக்கம் 30 அடி, பின்பக்கம் 28 அடி என்று குறுகும். ஒரு மூலையை மட்டும் அளந்து மற்றதை நம்பினால் பின்சுவர் எல்லையில் போய் முட்டும்.

பிளின்த் (அடித்தளம்) போட்ட பிறகு அறையை நகர்த்துவது, ஜன்னலை மாற்றுவது பெரிய விஷயமல்ல. வெளிச் சுவரோ தளமோ படிக்கட்டோ மாறினால் திருத்திய வரைபடத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் கட்டுங்கள். அனுமதி மீறிய கட்டடத்தைப் பூட்டி முத்திரையிட நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் இடமிருக்கிறது. சிற்றூரில் அந்த நோட்டீஸ் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரின் புகாரில்தான் தொடங்கும்.

கட்டும் காலத்துக்கு மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து ஒயர் இழுத்து மோட்டார் ஓட்டினால் அபராதம் அவர் பேரில் விழும், உறவும் கெடும். தற்காலிகத்துக்கு யூனிட் விலை அதிகம் என்பதால் பூச்சு வேலை முடிந்து தரை போட்டதுமே வீட்டு இணைப்பான ஒன்-ஏ-வுக்கு மாற்ற மனு போட்டுவிடுங்கள்.

கடைசி வேலை பேரூராட்சியில் காலி மனை வரியை நிறுத்தி வீட்டு வரி போடச் சொல்வது. அனுமதி ஆணை, வரைபடம், கடைசியாகக் கட்டிய காலி மனை வரி ரசீது, வீட்டின் புகைப்படம் ஆகியவற்றோடு விண்ணப்பம். பில் கலெக்டர் அளக்க வரும்போது அவருடைய நாடா காட்டும் பரப்பும் ஆணையில் உள்ள பரப்பும் பொருந்த வேண்டும். வரி எண் கிடைத்ததும் அதே எண்ணைக் கொண்டு குடிநீர் இணைப்புக்கு மனு போடலாம்.